மெயில் வருகிறது, போகவில்லை

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். அழைப்பவர் கருங்கல் பக்கம் முந்திரி ஏற்றுமதி செய்பவராக இருப்பார். இல்லையென்றால் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்குபவர், நாகர்கோவிலில் ஆடிட்டர் அலுவலகக் கணக்கர், கன்னியாகுமரியில் லாட்ஜ் மேலாளர். தக்கலையில் இருந்துகொண்டு குமரி மாவட்டம் முழுக்கக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். பிரிண்டரும் வைரஸும் போக, எனக்குச் சோறு போடுவது மெயில்தான்.

உலகமே செல்போனில் மெயில் பார்க்கிறது, இவர்கள் ஏன் இன்னும் மெயிலைக் கம்ப்யூட்டரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் அவுட்லுக், தண்டர்பேர்ட் நிரல்களை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று என் மகன்கூடக் கேட்பான். காரணம் இருக்கிறது. ஏற்றுமதிக்காரருக்கு, பல வருடங்களுக்கு முன் வாங்குபவர் எந்த விலைக்கு ஒப்புக்கொண்டார் என்பது திடீரென்று ஒரு நாள் வேண்டியிருக்கும். ஆடிட்டருக்கு ஆறேழு மெயில் முகவரிகள் ஒரே திரையில் தெரிய வேண்டும். அதோடு, எங்கள் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. லைன் போய்விட்டாலும் பழைய கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போது ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் இணையம் இல்லாமலேயே பழைய இன்வாய்ஸ்களை எடுத்துப் பார்த்தார்கள்.

இத்தனை அலுவலகங்களில் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். மெயில் செட்டிங்ஸ் என்ற அந்தப் பக்கத்தில் நிரப்ப வேண்டியது பத்து வரிகூட இல்லை. என்னைக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் அந்த வரிகள் சரியாகவே இருந்தன. கோளாறு அந்தப் பக்கத்துக்கு வெளியே இருந்தது. அதனால் மெயில் நின்றுவிட்டது என்றால் நான் செட்டிங்ஸைக் கடைசியாகத்தான் திறப்பேன்.

ஆனாலும் அந்த வரிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சர்வர் என்பது நம் கடிதங்களை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர், போர்ட் என்பது அதற்குள் நுழையும் வாசலின் எண், எஸ்எஸ்எல், டிஎல்எஸ் என்பவை வழியில் யாரும் படிக்காதபடி போடும் பூட்டுகள். உள்ளே வரும் கடிதத்துக்கு இரண்டு முறைகள்: ஐமேப், பாப்3. வித்தியாசத்தைப் பிறகு சொல்கிறேன். ஐமேப் என்றால் போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ். பாப்3 என்றால் 995, அதே பாதுகாப்பு. பழைய எண்களான 143, 110 இரண்டும் பூட்டு இல்லாமல் தொடங்குபவை. 143-இல் ஸ்டார்ட் டிஎல்எஸ், அதாவது பூட்டில்லாமல் தொடங்கிப் பிறகு பூட்டும் முறை, போட்டால்தான் பூட்டு விழும். வெளியே போகும் கடிதத்துக்கு எஸ்எம்டிபி ஒன்றுதான்: போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட் டிஎல்எஸ். இந்த இணையைக் குழப்பி 465-க்கு ஸ்டார்ட் டிஎல்எஸ் போட்டால், பிழை என்று உடனே சொல்லாமல் நிரல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். யூசர்நேம் பெரும்பாலும் முழு மெயில் முகவரி. அட் குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் அடித்துவிட்டு பாஸ்வேர்டைக் குறை சொல்பவர்கள் நிறைய. ஜிமெயில் என்றால் சர்வர் பெயர்கள் ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம். தண்டர்பேர்டில் இதைக்கூட அடிக்க வேண்டியதில்லை. பெயரும் முகவரியும் கொடுத்தால் தன்னிடம் உள்ள பட்டியலில் தேடி அதுவே நிரப்பிக்கொள்ளும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, வருவதும் போவதும் வேறு வேறு வழிகள் என்பது. தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதம் போடுவதற்கும் தபால்காரர் நம் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரிதான். பெட்டி உடைந்துபோனாலும் தபால்காரர் வந்துகொண்டுதான் இருப்பார். எஸ்எம்டிபியை 1982-இல் ஜான் போஸ்டல் வரையறுத்தபோது அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. ஒருவரை ஒருவர் அறிந்த சிலரின் வலை அது. பின்னாளில் குப்பைக் கடிதம் அனுப்புகிறவர்கள் அந்தத் திறந்த கதவில் புகுந்தார்கள். அதனால் சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள 25 என்றும், நம்மைப் போன்ற பயனாளர்கள் கடிதத்தை ஒப்படைக்க 587 என்றும் 1998-இல் பிரித்தார்கள். ஐமேப் 1986-இல் மார்க் கிறிஸ்பின் தொடங்கியது. அதன் கதை வேறு. ஒன்று வேலை செய்து மற்றது நிற்பது ஏன் என்பதற்கு இந்த இரட்டைப் பிறப்புதான் விளக்கம்.

கருங்கல் அருகே ஒரு முந்திரி ஆலை, எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸ். உள்ளே நுழைந்தாலே வறுத்த தோடின் நெடி மூக்கைப் பிடிக்கும். அலுவலக அறையில் அவுட்லுக் திறந்திருந்தது. இடது ஓரத்தில் அவுட்பாக்ஸ் என்பது தடித்த எழுத்தில், பக்கத்தில் 11 என்று நின்றது. டபிள்யூ320 முந்திரிப்பருப்பு ரகத்துக்கான புரோபார்மா இன்வாய்ஸ் ஒன்று, தூத்துக்குடி ஏஜென்டுக்கு இரண்டு கடிதம், மற்றவை எல்லாம் அதன் பின்னால் வரிசையில். முதலாளி மேசையில் கையூன்றி நின்றார்.

"நேற்று வரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது மக்கா. நான் ஒன்றையும் தொடவில்லை."

"நீங்கள் தொடவில்லை அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்கு வெளியே ஏதாவது மாறியதா? மோடம், லைன், யாராவது வந்து ஏதாவது போட்டார்களா?"

"லைன்தான் மாற்றினோம். மழை பெய்தால் பழைய கம்பி போய்விடுகிறது என்று ஃபைபர் இழுத்தோம். அதற்கும் இதற்கும் என்ன?"

அதற்கும் இதற்கும்தான் எல்லாம். அவர்களுடைய வெளிச்செல்லும் சர்வர் போர்ட் 25-இல் இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ போட்டு வைத்தது, பழைய லைனில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய இணைப்புக்காரர்கள் 25-ஐ அடைத்து வைத்திருந்தார்கள். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள் குப்பைக் கடிதம் கக்காமல் இருக்கப் பல இணைய நிறுவனங்கள் அப்படிச் செய்வதுண்டு, அதில் தப்பும் இல்லை. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையோடு சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று வரும். 25-க்கு ஃபால்ஸ், 587-க்கு ட்ரூ. அவுட்லுக்கில் மோர் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு, 25-ஐ எடுத்து 587, பாதுகாப்பு ஸ்டார்ட் டிஎல்எஸ். பக்கத்து அவுட்கோயிங் சர்வர் தாவலில், அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டு தேவை என்ற சிறிய கட்டத்தில் ஒரு டிக். மெயில் போகவில்லை என்ற புகாருக்கு இந்தக் கட்டம் காலியாக இருப்பதும் ஒரு பெரிய காரணம். தண்டர்பேர்டில் தேடுகிறவர்கள் கணக்கின் உள்ளேயே பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார்கள். அங்கே வெளிச்செல்லும் சர்வர் இடது பட்டியலின் அடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

செண்ட் ரிசீவ் அழுத்தினேன். 11, 10 என்று குறைந்தது, 9-இல் நின்றுவிட்டது. பார்த்தால் ஆலையின் கோடௌன் படங்கள், முழு அளவில், ஒரே கடிதத்தில். ஒரு கடிதம் இணைப்பு உட்பட 25 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது பல சேவைகளில் வழக்கம். ஆனால் இணைப்புகள் மெயிலில் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன. அந்த மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடிவிடும். 25 என்றால் கையில் உள்ள கோப்பு 18 எம்பிக்குள் இருப்பது நல்லது. அந்த ஒரு கடிதம் வழியை அடைத்துக்கொண்டு பின்னால் உள்ளவற்றையும் நிறுத்திவிட்டது. வொர்க் ஆஃப்லைன் போட்டு அதை அழித்தபின் மீதி ஓடியது. படங்களைப் பிற்பாடு டிரைவ் லிங்காக அனுப்பினார்கள். கட்டன் சாயா வந்தது. "அப்போ ஃபைபர்காரன்தான் குற்றவாளி" என்றார் முதலாளி. இல்லை, 25-இல் விட்டவன்தான் என்றேன். அவன் யார் என்பது ஆலையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இனி உள்ளே வரும் பக்கம். இங்கேதான் மனிதர்கள் கடிதங்களையே இழக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பாப்3 கடிதத்தைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு வரும். சர்வரில் நகல் விடு என்று சொல்லாவிட்டால் அங்கே துடைத்துவிடும். ஐமேப்பில் கடிதம் சர்வரிலேயே இருக்கும்; கம்ப்யூட்டரும் போனும் அதைப் பார்க்கின்றன, நகல் வைத்துக்கொள்கின்றன. குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம். அப்பா கடையில் இருக்கிறார், மகன் தோட்டங்களுக்கும் டயர் நிறுவனக்காரர்களைப் பார்க்கவும் அலைகிறான். ஒரே மெயில் முகவரி, சொந்த டொமைனில், அதாவது அட் குறிக்குப் பின்னால் தங்கள் கடையின் பெயரிலேயே. மகனின் புகார்: காலையில் போனில் பார்த்த கடிதம் மத்தியானம் காணாமல் போகிறது. வைரஸ் என்று நினைத்துப் போனை ரீசெட்டே செய்துவிட்டான். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: கடையில் கணக்கு பார்க்கும் அக்கா ஒன்பதரைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடுவார். அவுட்லுக் பாப்3-இல் இருந்தது, நகல் விடும் கட்டம் காலி. அக்கா வந்து உட்கார்ந்ததும் கடிதங்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இறங்கிவிடும். போனுக்கு மிஞ்சியது ஒன்றும் இல்லை.

நகல் விடும் கட்டத்தில் டிக் போட்டிருந்தால் உடனடிப் பிரச்சினை தீரும். பக்கத்தில் எத்தனை நாள் கழித்து அழிக்க வேண்டும் என்று ஒரு வரியும் இருக்கும், அவுட்லுக்கில் 14 என்று நிரப்பி நிற்கும், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே முகவரியை இரண்டு பேர் பார்க்கிற இடத்தில் பாப்3 சரிப்படாது என்பது என் கருத்து. அக்கா அனுப்பிய பதில் மகனுக்குத் தெரியாது, மகன் படித்தது அக்காவுக்குப் படிக்காததாகவே தெரியும். இருவரும் ஒரே வியாபாரிக்கு இரண்டு விலை சொல்லிவிடுவார்கள். ரப்பரில் விலை நாளுக்கு நாள் மாறும். கோட்டயத்து ரப்பர் வாரியம் தினமும் விலை வெளியிடுகிறது. அப்படி இருக்கையில் இரண்டு விலை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஐமேப்புக்கு மாற்றினோம். மாற்றினோம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். பாப்3 கணக்கை ஐமேப்பாகத் திருத்தும் வழி அவுட்லுக்கிலும் இல்லை, தண்டர்பேர்டிலும் இல்லை. பழைய கணக்கை அப்படியே விட்டு, அதே முகவரிக்கு ஐமேப் கணக்கு ஒன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால் இரண்டு வேலைகள். நிரலை மூடிவிட்டு அதன் கோப்பை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். அவுட்லுக் என்றால் பிஎஸ்டி கோப்பு, தண்டர்பேர்ட் என்றால் புரொஃபைல் ஃபோல்டர் முழுவதும். திறந்து வைத்துக்கொண்டு நகல் எடுத்தால் அந்த நகலை நம்ப முடியாது. அடுத்தது, சர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று, அதை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் பார்ப்பது. வருடக்கணக்கில் பாப்3 எல்லாவற்றையும் எடுத்துச் சென்றுவிட்டதால், இடம் எவ்வளவு என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் 9 ஜிபி கடிதம், சர்வரில் 1 ஜிபி இடம் என்றால் ஏற்ற முடியாது. அதனால் அண்மைக் கடிதங்களை மட்டும் ஏற்றினோம். பழையவை கடைக் கம்ப்யூட்டரிலேயே, வருடவாரியாக. ஏற்றும்போது கடிதங்களை நகர்த்தாமல் நகல் எடுத்தோம், கொஞ்சம் கொஞ்சமாக. குலசேகரத்தில் அந்த வாரம் மழை, மின்சாரம் வந்து வந்து போனது. மொத்தமாக நகர்த்திக்கொண்டிருந்து பாதியில் லைன் அறுந்திருந்தால், எது போனது, எது இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு வாரம் ஆகியிருக்கும். எல்லாம் சரிபார்த்தபின் பழைய பாப்3 கணக்கின் தானாக இறக்கும் வேலையை நிறுத்தினோம். கணக்கை அழிக்கவில்லை.

ஐமேப் போட்டதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நான் கொஞ்சம் கெடுத்துவிட்டு வருவது வழக்கம். ஐமேப்பில் போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும். மகன் போனில் இடம் போதவில்லை என்று நூறு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து அழித்தால், அக்காவின் திரையிலும் அவை போய்விடும். ஐமேப் ஒரு காப்பு நகல் கிடையாது. மாதம் ஒரு முறை முக்கியமான ஃபோல்டர்களை லோக்கல் ஃபோல்டருக்குள் நகல் எடுத்து வைக்க அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் அதை மாதக் கணக்கு முடிக்கும் வேலையோடு சேர்த்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்யும் மிகச் சிலரில் அவர் ஒருவர்.

இடப் பிரச்சினையில் எனக்கு வேடிக்கையாக இருந்தது நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடைக்காரருடையது. இரண்டு நாளாக ஒரு மெயிலும் வரவில்லை, அனுப்பினவர்களுக்கெல்லாம் திரும்பி வருகிறது என்றார். ஜிமெயில் முகவரி, தண்டர்பேர்ட். செட்டிங்ஸில் ஒரு தவறும் இல்லை. பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அடியில் பார்த்தேன்: 15 ஜிபியில் 15 ஜிபி. கூகுள் இலவசமாகத் தரும் அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானதல்ல. டிரைவும் போட்டோஸும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. அவருடைய மகள் கல்யாணம் முந்தின மாதம்தான் நடந்தது. வீடியோக்காரர் கொடுத்ததும் உறவினர் அனுப்பியதும் எல்லாமும் போனிலிருந்து தானாக மேலே ஏறி, மெயிலுக்கு மூச்சுவிட இடம் இல்லாமல் செய்துவிட்டன. கல்யாணப் படத்தை அழி என்று யாரிடம் சொல்ல முடியும்? படங்களை ஹார்டு டிஸ்குக்கு இறக்கி, நகல் இருப்பதை அவர் கண்ணாலேயே பார்க்கவைத்த பிறகுதான் மேலே உள்ளவற்றை அழிக்க அவர் மனைவி சம்மதித்தார். கடை முகவரியையும் குடும்பப் போனையும் ஒரே கூகுள் கணக்கில் வைக்காதீர்கள் என்பதை அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

பாஸ்வேர்டுக்கு வருவோம். "பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறது." ஜிமெயில் முகவரியை வெளி நிரல்களில் வெறும் பாஸ்வேர்டு கொண்டு திறப்பதை கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்தியது. மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் அதையே செய்தது. இப்போது ஜிமெயிலுக்கு இரண்டு வழிகள். ஒன்று ஓஆத்2: தண்டர்பேர்டில் பாஸ்வேர்டு முறை என்ற இடத்தில் இதைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சிறு பிரவுசர் பெட்டி திறந்து கூகுளே நேரடியாகக் கேட்கும், அனுமதி கொடுத்தால் முடிந்தது. வலைத்தளங்கள் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளை தண்டர்பேர்ட் ஏற்கவில்லை என்றால் அந்தப் பெட்டி வெறுமனே நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே வருவதற்கு ஓஆத்2 மாற்றிவிட்டு, வெளியே போவதற்குப் பழைய முறையிலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். இன்னொரு வழி ஆப் பாஸ்வேர்டு, பழைய அவுட்லுக் பதிப்புகளுக்கு இதுதான் கைகொடுக்கும். கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் முறையை, போட்டபின் 16 எழுத்துகளில் அது தரும் தனிப் பாஸ்வேர்டு. அதைத்தான் நிரலில் ஒட்ட வேண்டும். பிற்பாடு ஒரு நாள் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். மாற்றியவருக்கு இது தெரியாது, அடுத்த அழைப்பு எனக்கு வரும்.

சொல்வதற்குச் சுலபம். குளச்சலில் வலையும் படகுச் சாமானும் விற்கும் ஒரு கடையில் இதைச் செய்ய உட்கார்ந்தேன். இருபடிச் சரிபார்ப்பு கேட்ட குறியீடு வரவேயில்லை.

"போனைப் பாருங்கள் அண்ணே, ஏதாவது எண் வந்திருக்கிறதா?"

"என் போனுக்கு ஏன் வரும்? இந்த மெயிலைப் பையன்தான் போட்டுக் கொடுத்தான், துபாய்க்குப் போவதற்கு முன்னால்."

பையனின் பழைய எண்ணுக்குத்தான் எல்லாம் போகிறது. அந்த சிம் கார்டு அவனோடு துபாயில். இங்கே பத்து மணி என்றால் அங்கே எட்டரை, அவன் வேலைத்தளத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போயிருந்தான். மத்தியானம் அவனுடைய சாப்பாட்டு இடைவேளையில் வாட்ஸ்அப்பில் பிடித்து, அவன் எண்ணைப் படிக்க, நான் அடிக்க, ஒரு வழியாக உள்ளே நுழைந்தோம். நுழைந்தவுடன் செய்த முதல் வேலை மெயில் செட்டிங்ஸ் இல்லை. கடைக்காரரின் எண்ணை மீட்பு எண்ணாகச் சேர்த்ததும், காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கல்லாவுக்குள் வைத்ததும்தான். குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. கடைகளின் மெயிலும் வங்கிக் கணக்கும், போய்விட்ட பிள்ளைகளின் எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கடை முகவரி யாருடைய எண்ணில் இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள், மெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

சான்றிதழ் எச்சரிக்கை அடுத்தது. சர்வர் தான் யார் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் செல்லாது என்று நிரல் சொல்கிறது, பக்கத்திலேயே பரவாயில்லை என்று தொடர ஒரு பட்டனையும் கொடுக்கிறது. பட்டனை அழுத்தாதீர்கள், முதலில் திரையின் கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள். மார்த்தாண்டத்துக்கு அப்பால் ஒரு பள்ளி அலுவலகத்தில், கோடை விடுமுறை முடிந்து திறந்த அன்று மெயிலும் திறக்கவில்லை, எந்த வலைப்பக்கமும் திறக்கவில்லை. தேதி 2010 என்று காட்டியது. விடுமுறையில் மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தார்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரி தீர்ந்துபோனதால் கம்ப்யூட்டருக்குக் காலமே மறந்துவிட்டது. 2010-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வருடச் சான்றிதழ் இன்னும் பிறக்காதது. வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் விண்டோஸ் தானாகக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளாது, நாம்தான் திருத்த வேண்டும். ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற பேட்டரி. தலைமையாசிரியை அதற்குள் புதிய கம்ப்யூட்டருக்கு மேலே எழுதிப் போட்டிருந்தார்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், சான்றிதழில் உள்ள பெயரையும் நீங்கள் அடித்த சர்வர் பெயரையும் ஒப்பிடுங்கள். சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் மெயில் டாட் என்று தொடங்கித் தங்கள் டொமைனைப் போடுவார்கள், சான்றிதழோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கும். அந்தப் பெயரையே சர்வர் பெயராகப் போட்டால் சண்டை தீர்ந்துவிடும். சான்றிதழில் ஆன்டிவைரஸ் நிரலின் பெயர் இருந்தால், அது நடுவே புகுந்து கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறது என்று பொருள். அதன் மெயில் ஸ்கேன் வசதியை நிறுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டரே பழையது என்றால் வேறு கதை. இன்றைய சர்வர்கள் பல டிஎல்எஸ் 1.2-க்குக் குறைந்ததை ஏற்பதில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருக்கும் ஒரு பெரியவர் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார். அதை எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது, கடிதங்களை வெளியே எடுத்துத் தருகிறேன் என்பேன், அவர் யோசிக்கிறேன் என்பார். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு தண்டர்பேர்டின் 115-ஆம் பதிப்போடு புதிய பதிப்புகள் வருவது நின்றுவிட்டது.

மெயில் போகிறது, ஆனால் போய்ச் சேர்ந்தவர் பார்ப்பதில்லை என்பது இன்னொரு வகை. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். ஐயப்ப சீசனில் அறைக்கு அடிதடி. அந்த நேரத்தில் முன்பதிவு உறுதிக் கடிதங்கள் விருந்தினரின் ஸ்பேமில் போய் விழுந்தன. அவர்கள் டொமைனின் பெயரில் யார் யார் கடிதம் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்று, டொமைனின் விவரங்களை உலகுக்குச் சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில் இருக்க வேண்டும். இங்கே இரண்டு இருந்தன. இணையதளம் செய்தவர் ஒன்று போட்டார், மெயில் கொடுத்தவர் அதைப் பார்க்காமல் இன்னொன்று போட்டார். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கினோம், கடிதம் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்தையும் இயக்கினோம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் கெடுபிடியாகிவிட்டன. சொந்த டொமைன் முகவரியைப் போட்டுக்கொண்டு ஜிமெயிலின் எஸ்எம்டிபி வழியாக அனுப்பும் குறுக்குவழிக்காரர்களுக்கும் இதே கதிதான்.

இப்போது யாராவது அழைத்தால் தொலைபேசியிலேயே நான் கேட்பது இவை. பிரவுசரில் மெயில் திறக்கிறதா? திறந்தால் முகவரியிலும் பாஸ்வேர்டிலும் கோளாறு இல்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் போகிறதா? போனால் லைன்தான் சந்தேகத்துக்குரியது. தேதி சரியா? இடம் இருக்கிறதா? அண்மையில் என்ன மாறியது? பிழைச் செய்தியை மூடிவிடாமல் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மூடிவிட்டு "ஏதோ இங்கிலீஷில் வந்தது" என்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. இவற்றுக்கெல்லாம் பதில் வந்தபிறகும் தீரவில்லை என்றால்தான் வண்டியை எடுப்பேன், செட்டிங்ஸைத் திறப்பேன்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டு வருகிறேன். சர்வர் பெயர்கள், போர்ட்கள், ஐமேப்பா பாப்3-ஆ, மீட்பு எண் யாருடையது, டொமைன் எப்போது புதுப்பிக்க வேண்டும். பாஸ்வேர்டு அதில் இருக்காது. மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டையும் கிழித்துவிடுவேன். டொமைன் புதுப்பிக்கும் தேதியை எழுதக் காரணம், அது தவறினால் இணையதளத்தோடு மெயிலும் நின்றுவிடும் என்பதும், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அநேகமாக அதே மெயிலுக்குத்தான் வரும் என்பதும். நினைவூட்டலை வேறொரு முகவரிக்கு மாற்றி வைப்பது ஐந்து நிமிட வேலை.

எல்லோருக்கும் இந்த நிரல்களைப் போட்டுத் தருவதும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மெயில், அதுவும் மின்கட்டண ரசீதும் கூரியர் தகவலும் என்றால் பிரவுசரே போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். திங்கள்சந்தையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், பெரிய கடைகளில் அவுட்லுக் இருக்கிறது, எனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டுக் கொடுத்தேன். போன வாரம் அவரிடமிருந்து அழைப்பு: மெயில் வரவும் இல்லை, போகவும் இல்லை. மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். கடையில் மின்சாரமே இல்லை என்றார்.